அனாமத்துக் கணக்கு

கணக்கு எழுதுகிறவர்களுக்கு ‘அனாமத்து’ என்றால் என்னவென்று தெரியும். பற்றும் வரவும் ஒத்துப்போகாமல் ஒரு 143 ரூபாய் உதைக்கிறது. எங்கே தப்பு என்று புரியவில்லை. ராத்திரி பத்து மணி ஆகிவிட்டது. என்ன செய்யலாம்? ‘அனாமத்து’ என்று ஒரு தலைப்பு போட்டு, அந்த 143 ரூபாயை அதில் தள்ளிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

பி.காம். வகுப்பில் இதையே ‘சஸ்பென்ஸ் அக்கவுண்ட்’ என்று சொல்லிக்கொடுப்பார்கள். கூடவே ஒரு விதியும் உண்டு. அனாமத்தில் போட்டதால் விஷயம் தீர்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. யாரோ ஒருவர் அந்தத் தொகையைத் தேடிப்பிடித்து, உரிய கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

இப்போது என் கேள்வி. இரண்டு அமைப்புகளுக்கு நடுவே பணமோ, மனுவோ, மனிதரோ அந்தரத்தில் நின்றுவிட்டால், தேடிப்பிடிக்க வேண்டியது யார்?

‘இதெல்லாம் ஒரு கேள்வியா?’ என்று நினைக்காதீர்கள். நம் வாழ்க்கையில் பாதி நேரம் இந்த இடைவெளிகளில்தான் கழிகிறது.

1985-ம் வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரம்பலூர்க்காரர் ஒருவர் டெல்லிக்குக் கிளம்புகிறார். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது (இன்றைக்கும் கிடையாது). பஸ் பிடித்து அரியலூர் வருகிறார். அரியலூர் வழியாகப் போகும் திருச்சி-விழுப்புரம் பாதை அப்போது மீட்டர் கேஜ். அந்த வண்டி எழும்பூரில் கொண்டுபோய் இறக்கிவிடும். டெல்லி வண்டியோ சென்ட்ரலில், அகலப்பாதையில் நிற்கிறது. நடுவில் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். போர்ட்டரிடம் ஒரு பேரம், ஆட்டோக்காரரிடம் ஒரு பேரம், மனைவியிடம் ‘எத்தனை உருப்படி, எண்ணிக்கிட்டியா?’ என்று ஒரு அதட்டல். வியர்த்து விறுவிறுத்து சென்ட்ரல் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும்.

அந்த இரண்டு கிலோமீட்டருக்கு ரயில்வே பொறுப்பில்லை. இத்தனைக்கும் இரண்டு ஸ்டேஷனும் அதே ரயில்வேயுடையதுதான்!

ஒரு தண்டவாளத்தின் அகலம் 1,000 மில்லிமீட்டர். இன்னொன்றின் அகலம் 1,676 மில்லிமீட்டர். அந்த 676 மில்லிமீட்டர் வித்தியாசத்தை உண்டாக்கியவர்கள் வெள்ளைக்காரர்கள். அதைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு ஓடியவர் பெரம்பலூர்க்காரர். 1992-ல் ‘எல்லாம் ஒரே பாதை’ என்று ரயில்வே முடிவெடுத்து, தண்டவாளங்களை ஒவ்வொன்றாக மாற்றியது. இன்று தென்மாவட்டங்களிலிருந்து வண்டி மாறாமலே டெல்லிக்குப் போகலாம். தலைச்சுமை தானாகக் காணாமல் போய்விடவில்லை. பயணியின் தலையிலிருந்து ரயில்வேயின் தலைக்கு மாறியது. அவ்வளவுதான்.

அமைப்புகளுக்கு நடுவே இருக்கும் சுமை ஒருபோதும் மறைவதில்லை. யார் சுமப்பது என்பது மட்டும்தான் மாறுகிறது. அதனால்தான் இதைத் தொழில்நுட்பக் கேள்வி என்று சொல்லாமல் தர்மக் கேள்வி என்கிறேன். இடைவெளியை உண்டாக்குகிறவர் அதில் நடப்பதில்லை. நடக்கிறவருக்கோ அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. கொஞ்சம்கூடத் தெரியாதவர் தலையில் முழுச் சுமையையும் ஏற்றுவது நியாயமா?

அரியலூர்க்காரர்களுக்கு இது அனுபவப் பாடம். 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டம் வந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் தனி மாவட்டம் ஆனது. 2002-ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-ம் தேதி மறுபடி தனியாகப் பிரித்தார்கள். செந்துறையில் வாசற்படி தாண்டாமல் உட்கார்ந்திருந்த பாட்டிகூட, பன்னிரண்டு வருடத்தில் நான்கு முறை மாவட்டம் மாறினாள்! பைல் எந்தக் கலெக்டர் ஆபீஸில் இருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு மட்டும் பாட்டியுடையது.

இதே இரண்டு மாவட்டங்களும் பிற்பாடு ஒரு நல்ல காரியத்துக்கும் முன்னோடி ஆயின. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் போன்றவற்றைக் கம்ப்யூட்டர் வழியாகத் தரும் மின் மாவட்டத் திட்டத்துக்கு, தமிழ்நாட்டில் முதலில் பரீட்சித்துப் பார்த்த ஒருசில மாவட்டங்களில் அரியலூரும் பெரம்பலூரும் உண்டு. முன்பெல்லாம் வி.ஏ.ஓ.விடம் ஒரு கையெழுத்து, ஆர்.ஐ.யிடம் ஒரு கையெழுத்து, தாசில்தாரிடம் ஒரு கையெழுத்து. மூன்று ஆபீஸுக்கும் இடையே பாலமாக அலைந்தவர் மனு போட்டவர்தான். இன்று இ-சேவை மையத்தில் ஒரே இடத்தில் கொடுத்தால் போதும். உள்ளே அதே மூன்று பேரும் பார்க்கத்தான் செய்கிறார்கள். அலைவது மனிதருக்குப் பதிலாக மனு.

ரொம்ப நல்லது. ஆனால் மனு நடுவில் எங்காவது நின்றுபோனால்? மையத்தில் கேட்டால் ‘மேல அனுப்பிட்டோம் சார், எங்க கையில இல்ல’ என்பார்கள். மேலே போய்க் கேட்டால் ‘இங்க எதுவும் வரலியே, சர்வர் பிரச்னையா இருக்கும்’ என்பார்கள். முன்பாவது வி.ஏ.ஓ. மேஜையில் தூங்குகிறது என்று தெரிந்தது. இப்போது எங்கே தூங்குகிறது என்றே தெரியாது. வசதி கூடிய அதே அளவுக்கு, யாரைக் கேட்பது என்பது மங்கிவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்திலும் இதே கதைதான். ஒரு காலத்தில் நம் பாங்க் ஏ.டி.எம்.மைத் தேடி அலைந்தோம். அடுத்த பாங்க் ஏ.டி.எம்.மில் எடுத்தால் கட்டணம் பிடிப்பார்கள். 2009 ஏப்ரல் 1 முதல் எந்த பாங்க் ஏ.டி.எம்.மிலும் பணம் எடுக்கக் கட்டணம் இல்லை என்றது ரிசர்வ் வங்கி. (அந்த ‘இலவச’த்துக்குப் பிற்பாடு எல்லை போட்டார்கள். அது வேறு கதை.) 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. வந்தது. இன்று பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு 12 ரூபாயைத் தட்டிவிட்டுப் போகிறோம். நம் ஆப் ஒன்று, நம் பாங்க் ஒன்று, டீக்கடைக்காரர் பாங்க் வேறு, நடுவில் என்.பி.சி.ஐ. இத்தனை பேர் கை மாறி அந்த 12 ரூபாய் போகிறது. நமக்கு அது தெரிய வேண்டியதில்லை. டீ ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்தால் சரி.

இனி, இப்படி எந்த ஏற்பாடும் சரியாக அமையாத ஒரு ஊருக்குப் போவோம். அதன் பெயர் பிளாக்செயின்.

பயந்துவிடாதீர்கள். சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு பேரேடு. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் அதன் நகல் இருக்கும். ஒருவர் திருட்டுத்தனமாக ஒரு வரியைத் திருத்தினால் மற்றவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நடுவில் பாங்க் வேண்டாம், முதலாளி வேண்டாம் என்பதுதான் இதன் பெருமை. 2009-ல் பிட்காயின் வந்தது. 2015-ல் எத்தீரியம் வந்தது. பிறகு சோலானா, பாலிகான், டிரான் என்று தீபாவளிப் பட்டாசுக் கடை மாதிரி ஏகப்பட்டது முளைத்துவிட்டது. நம் மாநில அரசே 2020-ல் பிளாக்செயின் கொள்கை ஒன்றை வெளியிட்டு, சான்றிதழ்களுக்காக ‘நம்பிக்கை இணையம்’ என்ற பெயரில் ஓர் அமைப்பை உருவாக்கத் தொடங்கியது. அழகான பெயர்.

சிக்கல் என்னவென்றால், ஒரு பேரேட்டுக்கு இன்னொரு பேரேட்டின் பாஷை தெரியாது. எத்தீரியத்தில் கட்டணம் கட்ட ஈத்தர் வேண்டும். சோலானாவில் கட்ட சோல் வேண்டும். டிரானில் கட்ட டி.ஆர்.எக்ஸ். வேண்டும். பையில் நூறு டாலர் மதிப்புள்ள காயின் இருக்கும், ஆனால் கட்டணத்துக்கான அந்த நாலணா வேறு காயினாக இல்லாததால் நூறும் நகராது. போதாக்குறைக்கு சில நெட்வொர்க்குகளில் முகவரி பார்ப்பதற்கு அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். நெட்வொர்க்கை மாற்றித் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டால், சில சமயம் மீட்கலாம். பல சமயம் போனது போனதுதான். எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே பெட்டியோடு நிற்கிற அதே பெரம்பலூர்க்காரர்! ஆட்டோகூடக் கிடையாது.

ஒரு பேரேட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தைக் கடத்தும் ஏற்பாட்டுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயரே ‘பிரிட்ஜ்’, அதாவது பாலம். பலவற்றில் இது நம் ஊர் குடோன் ரசீது மாதிரி நடக்கிறது. இந்தப் பக்கம் குடோனில் மூட்டையை வைத்துப் பூட்டிவிட்டு, அந்தப் பக்கம் ரசீது கொடுப்பார்கள். ரசீதை வைத்து அந்த ஊரில் வியாபாரம் பண்ணலாம். குடோன் கொள்ளை போனால் ரசீது வெறும் காகிதம்.

இந்தத் தொல்லையெல்லாம் பயனருக்குத் தெரியக்கூடாது என்று இப்போது பலர் முனைப்பாக வேலை செய்கிறார்கள். ‘எனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன், எந்த நெட்வொர்க், எந்தப் பாலம், எந்தக் காயின் என்பதை நீயே பார்த்துக்கொள்’ என்று பட்டனைத் தட்டும் காலத்தை நோக்கிப் போகிறார்கள். 2025 மே மாதம் எத்தீரியத்தில் வந்த மாற்றத்தில், பயனருக்குப் பதிலாக வேறொருவர் கட்டணம் கட்டுவதற்கு வழி செய்திருக்கிறார்கள். (இதில் பணம் போடுங்கள் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 2022 ஏப்ரலிலிருந்து இந்த லாபத்துக்கு 30 சதவிகித வரி இருக்கிறது என்பதை மட்டும் ஒரு வணிகவியல் பட்டதாரியாக நினைவூட்டிவிடுகிறேன்.)

இதைக் கேட்டதும் கைதட்டத் தோன்றுகிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள்.

2022 மார்ச் 23-ம் தேதி ரோனின் என்ற பாலத்தின் குடோன் கொள்ளை போனது. 1,73,600 ஈத்தரும், இரண்டரைக் கோடி டாலர் மதிப்புள்ள இன்னொரு காயினும். மொத்தம் 60 கோடி டாலருக்கு மேல். அந்தப் பாலத்துக்கு 9 காவலர்கள். பணத்தை வெளியே எடுக்க 5 பேர் கையெழுத்து போதும். அந்த ஒன்பதில் நான்கு ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. அந்த நான்கும் திருடர் கைக்குப் போக, வெளியே ஒன்று மட்டும் மிச்சம் தேவைப்பட்டது. அதுவும் கிடைத்தது. இதைவிடக் கொடுமை, குடோன் காலி என்பதே ஆறு நாள் யாருக்கும் தெரியவில்லை. 29-ம் தேதி ஒருவர் தன் பணத்தை எடுக்க முயன்று, முடியவில்லையே என்று புகார் சொன்னபோதுதான் தெரிந்தது.

அதாவது, பாலம் இடிந்துபோனதைக் கண்டுபிடித்தவர் காவல்காரர் இல்லை. ஆற்றில் கால் வைத்த பயணி!

இந்த இடத்தில் பிளாக்செயின் பக்தர் ஒருவர் எழுந்து நிற்பார். ‘இதற்குத்தான் சொல்கிறோம், எதையும் மறைக்காதீர்கள். யாரையும் நம்பாதே, நீயே சரிபார் என்பதுதான் எங்கள் வேதம். பயனருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் ஏன் வருகிறார்?’

இந்த வாதத்தைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. எல்லாவற்றையும் மறைத்துவிட்டு ‘நீ பட்டனைத் தட்டு ராஜா’ என்று சொல்வது மனிதரைக் குழந்தையாக்குவதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ரயிலில் கீழ் பெர்த்தில் படுத்துத் தூங்குகிறவர், வழியில் எத்தனை பாலம், எந்தத் தூணில் விரிசல் என்று சரிபார்த்துவிட்டா படுக்கிறார்? அவர் முட்டாள் இல்லை. ராத்திரி முழுக்க யாரோ விழித்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் தூங்குகிறார். நாகரிகம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தத் தூக்கம்தான். எல்லாரும் எல்லாவற்றையும் சரிபார்த்தே வாழவேண்டும் என்றால், யாரும் எந்த ஊருக்கும் போய்ச் சேர முடியாது.

பாலம், தூங்கும் பயணி என்று சொன்னதும் அரியலூர்க்காரர்கள் எதை நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

1956 நவம்பர் 23. (மாவட்டம் மறுபடி பிறந்த அதே தேதி, 51 வருடம் முன்னால்.) பேய் மழை. மருதையாற்றில் வெள்ளம். விடிந்தும் விடியாத நேரம். சென்னையிலிருந்து தூத்துக்குடி போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் ஏறியபோது தாங்கவேண்டிய பாலம் தாங்கவில்லை. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில். 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாதிப் பேர் தூக்கத்தில் இருந்திருப்பார்கள்.

அப்போது ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. அந்தப் பாலத்தை அவர் கட்டவில்லை. மழையை அவர் வரவழைக்கவில்லை. ‘வெள்ளம், இயற்கையின் சீற்றம், விசாரணைக் கமிஷன், கீழ் அதிகாரி சஸ்பெண்ட்’ என்று சொல்லிவிட்டு நாற்காலியில் இருந்திருக்கலாம். அவர் ராஜினாமா செய்தார். அதே ஆண்டு இன்றைய தெலங்கானாவின் மெஹபூப்நகர் அருகே நடந்த விபத்துக்குப் பிறகும் அவர் ராஜினாமா கடிதம் கொடுத்திருந்தார். நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதற்காக இல்லை, பொது வாழ்வில் ஒரு முன்னுதாரணமாக இருக்கட்டும் என்றுதான் ஏற்பதாகப் பாராளுமன்றத்தில் சொன்னார்.

‘ராஜினாமா பண்ணினால் செத்தவர்கள் திரும்பி வந்துவிடுவார்களா?’ என்று கேட்கலாம். வரமாட்டார்கள். ஆனால் அந்த ராஜினாமா ஒரு விஷயத்தைச் சொன்னது. பயணிக்குப் பாலத்தைப் பற்றித் தெரிய வேண்டாம் என்று வைத்தது நாங்கள். ஆகவே பாலத்துக்கு நாங்களே பொறுப்பு. காரணமானவர் வேறு, பொறுப்பானவர் வேறு. கணக்கு பாஷையில் சொன்னால், அனாமத்தில் கிடந்ததை சாஸ்திரி தன் பெயரில் பற்று எழுதிக்கொண்டார்.

இப்போது பிளாக்செயினுக்குத் திரும்புங்கள். நடுவில் யாரும் இல்லை என்பது அதன் பெருமை என்று பார்த்தோம். நல்ல நாளில் அது பெருமைதான். கெட்ட நாளில்? ராஜினாமா செய்யக்கூட ஆளில்லாத இடமாகிவிடுகிறது. நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரோனின் விஷயத்தில் அதை நடத்திய நிறுவனம் வெளியே 15 கோடி டாலர் திரட்டிப் பயனர்களுக்கு ஈடுகட்ட முன்வந்தது. அதே வருடம் பிப்ரவரியில் வோர்ம்ஹோல் என்ற பாலத்தில் 1,20,000 ஈத்தர் களவு போனபோது, அதன் பின்னால் இருந்த பெரிய நிறுவனம் முழுசாக இட்டு நிரப்பியது. பாராட்டலாம். ஆனால் இரண்டும் பெரிய மனசு, அல்லது பெரிய பை. விதி இல்லை. பெரிய பை இல்லாத பாலத்தில் ஏறியவருக்கு என்ன கதி?

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய் களவு போனது. திரையில் காட்டியது ஒன்று, உள்ளே கையெழுத்தானது வேறொன்று என்றது சந்தை. எங்கள் அமைப்பில் எந்த உடைப்பும் இல்லை என்றது பாதுகாப்புக்கு அமர்த்தப்பட்டிருந்த நிறுவனம். யார் சொன்னது சரி என்பது இங்கே நம் வேலையில்லை. அதற்குள் போக முடியாத லட்சக்கணக்கானவர்கள் வெளியே நின்றார்கள். சந்தை மறுபடி திறக்க 2025 அக்டோபர் ஆனது. இ-சேவை மையத்தில் கேட்ட அதே பதில்தான்: ‘எங்க கையில இல்ல சார்.’

சரி, எல்லா இடத்திலும் சாஸ்திரிகள் கிடைப்பார்களா? கிடைக்கமாட்டார்கள். மகான்களை நம்பி ஒரு ஏற்பாட்டை நடத்தவும் கூடாது. மகானின் மனசு செய்வதைச் சாதாரண மனிதரும் செய்யும்படி விதி எழுத வேண்டும்.

2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அப்படி ஒன்றை எழுதியது. உங்கள் கணக்கில் பணம் போய்விட்டது, நீங்கள் அனுப்பியவர் கணக்கில் ஏறவில்லை. யு.பி.ஐ.யில் இப்படி ஆனால் மறுநாளுக்குள் திருப்பவேண்டும். ஏ.டி.எம்.மில் காசு வராமல் கணக்கில் மட்டும் பிடித்தால் ஐந்து நாள் கெடு. கெடு தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. இதில் அருமையான விஷயம், நீங்கள் புகார் கொடுக்க வேண்டும் என்பதில்லை. அவர்களாகவே கொடுக்க வேண்டும். எந்தக் கம்பியில் பணம் சிக்கியது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதுமில்லை. நடைமுறையில் எல்லாருக்கும் அந்த 100 ரூபாய் கேட்காமலே வந்துவிடுகிறதா என்றால், உங்கள் அனுபவம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் விதி என்று ஒன்று எழுத்தில் இருக்கிறது. சண்டை போடுவதற்குக் காலூன்ற இடமிருக்கிறது.

இதிலிருந்து நான் வந்து சேர்கிற இடம் இதுதான். இடைவெளியை மறையுங்கள், தாராளமாக மறையுங்கள். செந்துறைப் பாட்டிக்கும் பெரம்பலூர் டீக்கடைக்காரருக்கும் நெட்வொர்க் பாடம் எடுப்பது தர்மமில்லை. ஆனால் எதை மறைத்தீர்களோ அதற்குச் சொந்தக்காரர் நீங்கள். மறைக்கும் உரிமையும் பொறுப்பேற்கும் கடமையும் ஒரே கைக்குத்தான் வரவேண்டும். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்றால், அதற்குப் பெயர் வசதி இல்லை, ஏமாற்று. கூடவே, தெரிந்துகொள்ள விரும்புகிறவர் எட்டிப் பார்க்க ஒரு ஜன்னலும் வேண்டும். ஒன்பது காவலர்களில் நான்கு பேர் ஒரே வீட்டுக்காரர்கள் என்பது, கேட்பவருக்குத் தெரிய வேண்டும்.

பயனராகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. ‘ரொம்ப ஈஸி சார், ஒரே ஒரு கிளிக்’ என்று யாராவது ஒரு ஆப்பை நீட்டும்போது நாம் என்ன கேட்கிறோம்? எவ்வளவு வேகம், எவ்வளவு கட்டணம், கேஷ்பேக் உண்டா. இந்த மூன்றும் பணம் போய்ச் சேருகிற நாளுக்கான கேள்விகள். நாலாவதாக ஒன்றையும் கேட்டுவைப்போம்.

‘நடுவில நின்னுபோச்சுன்னா நான் யார் வீட்டுக் கதவைத் தட்டணும் தம்பி?’

பதிலில் ஒரு பெயரும் ஒரு கெடுவும் வந்தால் பாலத்தில் ஏறுங்கள். ‘அப்படியெல்லாம் ஆகாது சார்’ என்று சிரித்தால், ரயிலைத் தவறவிடுவதே உத்தமம்.